வெட்டி ஒட்டிய நுனி

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. துக்கத்தில் பிறந்தது என்று சொன்னால் உங்களுக்கு வசதியாக இருக்கும். மனைவி இறந்து பத்து மாதமான ஒருவன் எழுதுகிறான் என்றதுமே கைக்குட்டையைத் தேடியிருப்பீர்கள். தேட வேண்டாம். பத்து மாதமாக எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. நேற்று, வெள்ளிக்கிழமை மாலை, ஜப்பானில் பிவா ஏரிக்கரை ஊரான ஹிகோனேயில் ஒரு தூண்டில் கடையில்தான் ஏதோ தோன்றியது. அதை எழுதுகிறேன்.

முதல் வரியாக இதை வைத்திருந்தேன்:

பிவா ஏரியின் மேல் பனிமூட்டம் மெல்ல மெல்ல

அடித்துவிட்டேன். பனிமூட்டம் எதுவும் இல்லை. வெயில் சுள்ளென்று அடித்தது.

2

அடுத்த தொடக்கம் சவப்பெட்டியிலிருந்து.

என் மனைவி சுமிரேயின் தூண்டில் கழியை அவளோடு வைத்து அனுப்ப நினைத்தேன். ஈமச்சடங்கு நடத்துபவர் வெள்ளைக் கையுறையோடு குறுக்கே வந்தார்.

"மன்னிச்சுக்கங்க. கார்பன் பொருள் உள்ள வைக்கக் கூடாதுங்க. எரிக்கிற உலை கெட்டுப்போகும்."

"ரப்பர்ப் புழு வைக்கலாமா? அவ தூண்டில்ல மாட்டுறது."

"ரப்பரும் கூடாதுங்க."

"அப்ப என்னதான் வைக்கலாம்?"

"பூ வைக்கலாம். கடுதாசி வைக்கலாம். பிடிச்ச இனிப்பு ஏதாச்சும் வைக்கலாம்."

சுமிரேக்கு இனிப்பே ஆகாது.

(இந்த இடத்தில் நான் சத்தம் போட்டதாக ஒரு வரைவு எழுதினேன். பொய். தலையை ஆட்டினேன். பூ வைத்தேன்.)

கழி வீட்டுக்குத் திரும்பி வந்தது. எங்கள் முதல் திருமண நாளுக்கு நான் வாங்கிக் கொடுத்தது அது. எனக்கு மீன்பிடி தெரியாது. கியோட்டோவில் ஒரு பெரிய கடைக்குப் போய், முறியவே முறியாததாக ஒன்று கொடுங்கள் என்று கேட்டேன். மூன்று வருடம், ஞாயிறு தவறாமல், அதைத்தான் எடுத்துக்கொண்டு பாஸ் மீன் பிடிக்கப் போனாள். "நீ தேர்ந்தெடுத்த கழி மாதிரி வராது" என்பாள்.

இந்த வாக்கியத்தை மறந்துவிடாதீர்கள். நான் மறக்கப்போவதில்லை.

3

நாளை ஞாயிறு. அவளுடைய மீன்பிடி சங்கம் அவள் நினைவாகக் கரையில் நின்று மீன்பிடிக்கும் போட்டி வைத்திருக்கிறது. சுமிரேயின் தங்கை சிகுசா புதன்கிழமை போன் செய்தாள்.

"அத்தான், அக்கா இடத்துல நீங்கதான் நிக்கணும். அக்கா கழியோட."

"எனக்கு ஒண்ணும் தெரியாதேம்மா."

"மீனுக்கு அது தெரியவா போகுது? வாங்க."

வியாழக்கிழமை, கொஞ்சம் பழகலாம் என்று கழியை எடுத்துக் காரில் வைத்தேன். பின்கதவைச் சாத்தினேன். டக். தூண்டில்காரர்கள் எல்லோரும் வாழ்க்கையில் ஒருமுறை செய்யும் முட்டாள்தனமாம் இது, நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கதவைச் சாத்துவது. ஒரு மீன்கூடப் பிடிக்காமலே நான் அவர்களில் ஒருவனாகிவிட்டேன். ஒரு சாண் நீளத் துண்டு தரையில் கிடந்தது.

ஆக, கதையின் பிரச்சினை இதுதான்: ஞாயிற்றுக்கிழமை எந்தக் கழியோடு நிற்பது. இது ஒரு பிரச்சினையா என்று கேட்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

4

குரிமோத்தோவின் தூண்டில் கடை துறைமுகத்தை ஒட்டி இருக்கிறது. நான் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுப்பதால் என்னை வாத்தியாரே என்றுதான் கூப்பிடுவார். நேற்று நான் போனதும் மேசைமேல் மூன்று கழிகளை வரிசையாக வைத்தார்.

"உங்க வீட்டுக்காரம்மா புடிச்சது நுணுக்கமான வேலை. மயிர் மாதிரி நரம்பு, ரெண்டு கிராம் ஈயம், சுண்டுவிரல் நீளத்துல ஒரு புழு. இழுக்கக் கூடாது. இருக்குற இடத்துலயே நடுங்க விடணும். அதுக்கு ஆறடி நாலங்குலம் போதும். அடி திடமா, நுனி மட்டும் சாட்டை மாதிரி."

"நீளமா இருந்தா தூரமா போகும்ல?"

"தூரமா போயி? கையில தெரியணும் வாத்தியாரே! கல்லுல உரசுனா ஒரு மாதிரி, பாசியில உரசுனா ஒரு மாதிரி, மீன் வாயில வெச்சா ஒரு மாதிரி. உணர்ச்சிதான் எல்லாமே."

(வாசகரே, நீங்கள் நினைப்பது தெரிகிறது. மரத்துப்போன ஒருவன் உணர்ச்சியுள்ள கழியைத் தேடுகிறான். பிரமாதமான படிமம். நான் வைத்ததல்ல. தூண்டில் கடைக்காரர்கள் எல்லோரும் இப்படித்தான் பேசுகிறார்கள். இதை யாராவது பாராட்டினால் கதையைக் கிழித்துப்போட்டுவிடுவேன்.)

ஒரு தட்டில் சரளைக்கல் கொட்டி வைத்திருந்தார். கண்ணை மூடச் சொல்லி ஈயத்தை அதன் மேல் இழுக்கவைத்தார். முதல் இரண்டு கழிகளில் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவதில் கல் தெரிந்தது. ஒவ்வொரு கல்லும் தெரிந்தது.

"அப்ப இதுதான் உங்களுக்கு" என்றார்.

"இல்ல. அவளோடது மாதிரியே வேணும்." உறையிலிருந்து முறிந்த கழியை எடுத்து வைத்தேன்.

அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். முறிவுக்குக் கீழே நீல நூல் சுற்றிய இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். "இதை நான்தான" என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார்.

(இந்தக் குரிமோத்தோவை முதலில் நம்பவில்லை. இரண்டாம் வரைவில் அவரைச் சுமிரேயின் ரகசியக் காதலனாக ஆக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை. அறுபத்திரண்டு வயது. சட்டையெல்லாம் காய்ந்த கணவாய் வாசம்.)

"நீங்கதான் என்ன?"

"ஒண்ணுமில்ல வாத்தியாரே."

"சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்துட்டேன்."

"வாக்கு வாங்கினவ இப்ப உயிரோட இல்ல. சொல்லுங்க."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "இந்த நுனி நான் ஒட்டினது. நீங்க குடுத்த மறுவாரமே கொண்டாந்துச்சு. மேல ஓரடியை அறுத்துட்டு வேற நுனி சொருகினேன். நீங்க வாங்கினது பெரிய மீனைப் பாசிக்குள்ளேருந்து பிடுங்கி எடுக்குற கழி. அதுல ரெண்டு கிராமைக் கட்டினா, விளக்குமாத்துல நூல் கட்டின மாதிரி."

"வேற வாங்கிக்கச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேனே! மாட்டேன்னுருச்சு. அவர் குடுத்தது, இதையே சரிபண்ணுங்க, அவர்கிட்ட மட்டும் மூச்சு விடாதீங்கன்னுச்சு."

அந்த நீல நூலை நான் அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.

வெளியே வந்து சிகுசாவை அழைத்தேன். "நுனி விஷயம் உனக்குத் தெரியுமா?"

"அத்தான், அந்தக் கழியை மொத நாள் பார்த்துட்டு சங்கத்துல எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். அக்கா மட்டும் சிரிக்கல. யாராச்சும் அவர் முன்னாடி வாயைத் திறந்தீங்க, ஏரியில தள்ளிருவேன்னா."

5

கோபம் இங்கேதான் வந்தது. கழுத்து சுடுகிற அளவுக்கு வந்தது.

மூன்று வருடம்! தப்பான கழி வாங்கிட்டியேடா முட்டாளே. இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. மறுநாளே மாற்றிக் கொடுத்திருப்பேன். ஏரி முழுக்கத் தெரிந்திருக்கிறது, என் வீட்டில் எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் வாசலில் நின்று, கழி எப்படி இருக்கிறது என்று நான் கேட்பேன். அருமை என்பாள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போவேன்.

இன்னும் எதையெல்லாம் எனக்குத் தெரியாமல் வெட்டி ஒட்டிக்கொண்டாள்? நான் வைக்கும் மிசோ சூப்பையா? நான் பிடிவாதமாக எடுத்த இந்த வடக்குப் பார்த்த வீட்டையா? திரும்பத் திரும்பச் சொல்லும் என் நகைச்சுவைகளையா? சரிபண்ணிச் சரிபண்ணி வாழ்ந்தாளே, அவள் வாழ்ந்தது என்னோடுதானா, அல்லது அவள்

இதை முடிக்க முடியவில்லை. கேட்க ஆளில்லை. அதுதான் அநியாயம். சாவதென்றால் கணக்கைச் சொல்லிவிட்டுச் சாக வேண்டாமா?

(அது அன்பு என்று ஓரத்தில் குறிப்பு எழுதப்போகிறீர்கள். எனக்கும் தெரியும். அன்புதான். அதற்காகக் கோபப்படக் கூடாதா?)

6

முடிவுகள்.

அ. புதுக் கழியோடு போகிறேன். ஆறடி நாலங்குலம், கல் தெரிந்த அதே கழி. இந்த முறை சரியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறேன், யார் உதவியும் இல்லாமல் என் கையே சொன்னது. மீன் படுகிறது. பாஸ் இந்த ஏரிக்கு அந்நிய மீன், பிடித்ததைத் திரும்ப ஏரியில் விட இங்கே அனுமதி இல்லை, கரையிலுள்ள சேகரிப்புப் பெட்டியில் போட வேண்டும். போடுகிறேன். மூடி விழும் சத்தத்தோடு கதை முடிகிறது. வேண்டாம், சகிக்கவில்லை.

ஆ. குரிமோத்தோ பழைய கழிக்கு மறுபடி நுனி ஒட்டுகிறார். தப்பான கழி, சரியான நுனி. ஏரி முழுக்கப் பார்க்க அதை ஏந்தி நிற்கிறேன், இந்த முறை தெரிந்தே. யாரும் சிரிப்பதில்லை. அதுதான் இன்னும் மோசம்.

இ. போகவில்லை. சிகுசா வந்து சட்டையைப் பிடித்து இழுத்துப்போவாள். ஆக, இது முடிவே இல்லை.

புதுக் கழி, பழைய கழி இரண்டும் குரிமோத்தோவின் மேசையில்தான் கிடக்கின்றன. "பசை காய ஒரு ராத்திரி வேணும் வாத்தியாரே. சனிக்கிழமை ஆறு மணிக்குள்ள போன் பண்ணுங்க. அதுக்கப்புறம் கடையைச் சாத்திருவேன்" என்று சொல்லியிருக்கிறார்.

இன்று சனிக்கிழமை. மணி ஐந்து ஐம்பது.

நீங்களே தேர்ந்தெடுங்கள். நான் தேர்ந்தெடுக்கும் லட்சணம்தான் தெரிந்துவிட்டதே. ஆனால் ஒன்று. நாளைக் காலை நான் எதைப் பிடித்துக்கொண்டு நின்றாலும், தப்பு என்று தோன்றினால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். தயவுசெய்து, அருமையான கழி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.