ஒரு சாண் கூரை

அந்த ஊரில் வீட்டுக்குள் வருமானம் ஏறினால் கூரை ஏறும், இறங்கினால் இறங்கும். சுவர்களும் கூடவே நீண்டு குறுகும் என்பதால் மேஸ்திரிகள் சுண்ணாம்பைக் கொஞ்சம் தாராளமாகவே பூசுவார்கள். பெரிய வீடுகளில் பல்பு மாற்றக்கூட ஏணிக்காரரைக் கூப்பிட வேண்டும். ஆலைக்குப் பின்னால் இருந்த தெருவிலோ மண்டை இடிக்காமல் சட்டை மாட்ட முடியாது. தலையில் தழும்பு இல்லாதவன் நம்ம தெருக்காரனே இல்லை என்று அவர்களே கேலி பேசிக்கொள்வார்கள்.

அந்தத் தெருவில்தான் காலர் தைக்கிறவளும் அவள் தம்பியும் பிறந்தார்கள். அவர்கள் அறையின் நடுவில், விளக்கு தொங்கும் இடத்தில் மட்டும், கூரை சற்றுக் குழிந்து மேலே போயிருக்கும். ஒரே ஒரு ஆள் அங்கே நிமிர்ந்து நிற்கலாம். வளர்கிற பிள்ளைகள் என்பதால் இருவரும் முறை வைத்து நின்றார்கள். தம்பி திடீரென்று வளரத் தொடங்கியதும் அக்கா தன் முறையை விட்டுக்கொடுத்தாள். தியாகம், கியாகம் என்ற பேச்செல்லாம் அந்த வீட்டில் இல்லை. நான் நின்னு பாத்தாச்சு, அவன் நிக்கட்டும் என்றாள், அவ்வளவுதான். அவன் அங்கேயே நின்று படித்தான், நின்று சாப்பிட்டான், விளக்குக் கம்பம் மாதிரி வளர்ந்தான். அவள் ஆலையில் மெஷினுக்குக் குனிந்தாள், வீட்டில் கூரைக்குக் குனிந்தாள். கழுத்து அப்படியே நின்றுவிட்டது.

ஒரு வருஷம் வியாபாரம் எல்லோருக்கும் படுத்தது. ஆலை முதலாளிகளே தங்கள் வீட்டுக்குள் குனிந்து நடந்தார்கள். கூரைச் சட்டம் அந்த வருஷம்தான் வந்தது. உயர்ந்த கூரைகளிலிருந்து ஆண்டுக்கு ஒரு சாண் எடுத்துத் தாழ்ந்த கூரைகளுக்குப் பிரித்துக் கொடுப்பது என்று நகரசபை முடிவு செய்தபோது ஒருவரும் முணுமுணுக்கவில்லை. ஆலைத் தெருவில் முதன்முறையாகத் தொப்பி விற்றது. காலர் தைக்கிறவளின் கழுத்தும் மெல்ல மெல்ல நிமிர்ந்தது. தம்பி அப்போதுதான் நாற்காலிக் கடை போட்டிருந்தான். சட்டம் தூக்கிக் கொடுத்த கூரையால் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக உயர அடுக்க முடிந்தது, கடை பிடித்துக்கொண்டது. சில வருஷங்களில் அவன் ஏணிக்காரரைக் கூப்பிடுகிற வீட்டுக்குக் குடிபோனான். அக்கா பழைய வீட்டிலேயே இருந்தாள். கணவன் வெளியூர் வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டதால், அவளுக்குத் துணை மகள் மட்டும்தான்.

முதலாளிகள் நிமிர்ந்ததும் பேச்சு மாறியது. குனிந்தவனைத் தூக்கிவிட வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒவ்வொருவர் மனதிலும் தூக்கிவிடக் கூடாத ஒருவன் இருந்தான். காலர் தைக்கிறவளின் வீட்டுக்கு மூன்றாவது வீட்டில், பகலெல்லாம் தூங்குகிற ஒரு மனிதர் இருந்தார். ஊரில் பாதிப் பேருக்கு அவர்தான் அந்த ஒருவன். ஆலைத் தெருக்காரர்களே அவருடைய கூரையைத் தங்கள் கூரையோடு ஒப்பிட்டுப் பொருமினார்கள். ஆளுக்கு ஒருவராகக் கழித்துக்கொண்டே வந்ததில் கடைசியில் ஊரில் தகுதியானவர் என்று யாருமே மிஞ்சவில்லை. இந்த ஊர்க்காரர்களின் நல்ல மனசு எப்போதும் இப்படித்தான் வேலை செய்யும்.

சட்டத்தை ரத்து செய்யலாமா என்று சந்தை மைதானத்தில் கூட்டம் போட்டார்கள். அதற்கு முன்பே அவள் தம்பியைப் போய்ப் பார்த்தாள். மகள் மளமளவென்று வளர்கிற வயசு.

“சட்டம் போச்சுன்னா இவளும் என்னை மாதிரி ஆயிடுவாடா.”

“நான் இருக்கேன்ல அக்கா. உனக்கு எதிரா என் கை எந்திரிக்குமா?”

அவள் நிம்மதியாக வீடு திரும்பினாள். கூட்டத்தன்று, ரத்து வேண்டும் என்பவர்கள் கை தூக்கச் சொன்னதும் மைதானம் முழுக்கக் கைகள் எழுந்தன. மகளோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவளுக்கு எல்லாவற்றையும்விட உயரமான கை நன்றாகத் தெரிந்தது. ஆள் உயரம், கையும் உயரம். அவ்வளவு தூரம் நிமிர்ந்து பார்க்கிற கழுத்தை அவளுக்குக் கொடுத்ததே அந்தச் சட்டம்தான். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

கூரை அடுத்த வாரமே இறங்கத் தொடங்கியது. பழைய இடத்துக்கு வந்துசேர்ந்த பிறகு தம்பி வந்தான், மெத்தை வைத்த நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு. நிற்க முடியாத வீட்டுக்கு நாற்காலி கொடுப்பது தப்பில்லை என்று நினைத்திருப்பான்.

“உனக்கு எதிரா தூக்கலக்கா. அந்தப் பகல்ல தூங்குறவனுக்கு எதிராத்தான் தூக்கினேன். நாம பாடுபட்டு மேல வந்தோம், அவன் படுத்துக்கிட்டே வரப் பாக்குறான்.”

“ராத்திரியெல்லாம் அவர் உன் கிடங்குக்குத்தான்டா காவல் இருக்காரு.”

கிடங்கு விஷயமெல்லாம் மேனேஜர் பார்த்துக்கொள்கிறார் என்று அவன் சொன்னான். இடுப்பு வலித்திருக்க வேண்டும், பேசிக்கொண்டே பழைய பழக்கத்தில் விளக்குக்குக் கீழே போனான். அங்கே மகள் நின்று படித்துக்கொண்டிருந்தாள். மாமா வருகிறாரே என்று மரியாதைக்கு விலகப் பார்த்தாள்.

“நகராத. அது உன் இடம். மாமா குனிஞ்சுக்குவாரு.”

மாமா குனிந்துகொண்டார். காபியைக் குனிந்தபடியே குடித்தார்.

அவன் வீட்டுக் கூரைக்குத் திரும்பிப் போன சாண்களில் இப்போது சிலந்திகள் குடியிருக்கின்றன, ஏணிக்காரருக்கே எட்டுவதில்லை. காலர் தைக்கிறவளின் கழுத்து பழையபடி மடங்கிவிட்டது. மகள் மட்டும் விளக்குக்குக் கீழே நேராக வளர்ந்தாள். தம்பி இன்றும் அவ்வப்போது வந்து வாசலில் நின்று பேசிவிட்டுப் போகிறான். வாசற்படிக்கு மேல் தலையைத் தூக்க முடியாததால் அவள் அவன் முகத்தைப் பார்த்து வெகு காலமாகிறது. தம்பி எப்படி இருக்கிறான் என்று யாராவது கேட்டால், செருப்பு புதுசா இருக்கு, நல்லாத்தான் இருப்பான் என்கிறாள்.