கண்ணாடி போல வந்த ஃபிலிம்

"மீதி ரெண்டையும் கொண்டு வா, சும்மாவே கழுவித் தரேன்" என்று லேப் மாமா போனில் சொன்னபோதுதான் அவளுக்குச் சந்தேகம் தட்டியது. லேப் மாமா அவளுடைய அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. ஊரில் மிச்சமிருக்கும் ஒரே ஃபிலிம் லேப் அவருடையது. அக்கா மகளாயிற்றே என்று ஒரு காகித உறையைக்கூட அவர் இதுவரை சும்மா கொடுத்ததில்லை. அப்படிப்பட்டவர் வலியக் கூப்பிட்டுக் காசு வேண்டாம் என்கிறார். ஏன்?

இந்த 'ஏன்' அவளோடு கூடவே பிறந்தது. அவளுடைய தையல் கடைக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றால், அவர்கள் மூச்சை விடும்வரை டேப்பைப் பிடித்தபடி பேசாமல் காத்திருப்பாள். வீட்டில் அவளுக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர். வைத்தது லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் அவள் கணவன். "இன்ஸ்பெக்டர் ரவுண்ட்ஸ் வராங்க, அப்புறம் பேசறேன்" என்று சொல்லித்தான் நண்பர்களிடம் போனை வைப்பான்.

ஆனால் இந்தத் தடவை விளையாட்டில்லை. அப்பாவுக்குத் தாடையில் ஆபரேஷன் என்று முடிவானபோதே டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: எலும்பில் ஒரு பகுதியை எடுத்தாக வேண்டும், முகம் பழையபடி இருக்காது. அப்பாவோ கேமராவைக் கண்டால் தலையைத் திருப்பிக்கொள்கிற ஆள். போன் படங்களில் அவர் பாதிக் காதாகவும், ஒரு தோளாகவும், யாருடைய தலைக்கோ பின்னால் கொஞ்சம் நெற்றியாகவும்தான் இருந்தார். அவரை ஜன்னலோரம் உட்காரவைத்துத் தன் மரக் கேமராவுக்கு முன்னால் அசையாமல் இருக்கச் செய்வதற்குள் அவளுக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது. நான்கு படம் எடுத்தாள். ஒவ்வொன்றும் உள்ளங்கையை விடப் பெரிய தனித்தனி ஃபிலிம் தாள்.

முதல் இரண்டை மாமாவிடம் கொடுத்தாள். ஆபரேஷன் முடிந்த பிறகுதான் இரண்டும் கண்ணாடி போலத் திரும்பி வந்தன. அப்பா இல்லை, ஜன்னல் இல்லை, ஒரு நிழல்கூட இல்லை. ஷட்டர் திறக்கவே இல்லை, அந்த மரப்பெட்டியை அடுப்பில் போடு என்று மாமா சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து அவள் ஷட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் ஒழுங்காகத் திறந்தது. அன்றைக்கு மட்டும் மக்கர் பண்ணியிருக்குமோ? பதற்றத்தில் தானே ஏதாவது மறந்துவிட்டாளோ? கடைசியில் தன் கையையே நம்பாத நிலைமைக்கு வந்துவிட்டாள்.

அப்பா இப்போது வேறு முகத்தோடு வீடு திரும்பிவிட்டார். பழைய முகம் எங்கேயாவது இருந்தால், அலமாரியில் துணிகளுக்கு அடியில் ஒளித்துவைத்திருக்கும் மீதி இரண்டு தாள்களில்தான் இருக்க வேண்டும். அதையும் மாமா கையில் கொடுப்பதா? வீட்டிலேயே கழுவிவிடலாம் என்று தீர்மானித்து, பழைய போட்டோ சாமான் விற்கிறவரிடம் போனாள்.

சாமான்காரருக்கு அவள்மேல் சந்தேகம். வீட்டில் செய்ய இதெல்லாம் எதற்கு, யாருடைய எக்ஸ்ரேயையாவது மாற்றப் போகிறாளா என்று சுற்றி வளைத்துக் கேட்டார். அப்பா படம் என்று சொன்ன பிறகுதான் அலமாரியைத் திறந்தார். முதலில் ஃபிலிம் கழுவும் மருந்து ஊற்றுகிற மூன்று தட்டுகளை எடுத்துப் போட்டார். மலிவு. ஆனால் கும்மிருட்டில் ஃபிலிமைக் கையாலேயே புரட்ட வேண்டும்; நகம் பட்டால் கீறல். இரண்டு தாளில் ஒரு கன்னத்தில் கீறல் விழுந்தால் போதுமே என்று அவள் தட்டுகளைத் தள்ளிவைத்தாள்.

அடுத்து எஃகுத் தொட்டி. தாள்களைச் சட்டத்தில் மாட்டி மருந்துக்குள் இறக்கினால் நகத்துக்கு வேலையே இல்லை. ஆனால் இரண்டே தாளுக்குத் தொட்டி நிறைய மருந்து கலக்க வேண்டும். அதோடு மூலையில் பழுப்பாக ஒரு கறை ஓடியிருந்தது. அவள் அதை விரலால் சுரண்டிக்கொண்டே, இது யாரிடமிருந்து வந்தது என்று கேட்டாள்.

"உங்க மாமா லேப்லேர்ந்துதான்மா. அவருக்கு இப்ப எதுக்குத் தொட்டி? ஆஸ்பத்திரியில கழிச்சுப் போட்ட ரோலர் மெஷின் வாங்கிட்டாரே. இந்தப் பக்கம் ஃபிலிமை விட்டா அந்தப் பக்கம் கழுவி வந்துடும். வந்தா."

"வந்தான்னா?"

சாமான்காரர் உதட்டைக் கடித்துக்கொண்டார். சில சமயம் சிக்கிக்கொள்ளும் என்று ஊரில் பேச்சு, தனக்கொன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டு அவசர அவசரமாக மூன்றாவது சாமானை எடுத்தார்.

அது மூடிபோட்ட கறுப்பு உருளை. இருட்டில் தாளை வளைத்து உள்ளே செருகி மூடிவிட்டால், பிறகு வெளிச்சத்திலேயே மருந்தை ஊற்றி மேஜைமேல் உருட்டலாம். மூடிக்குள் வளைந்து செல்லும் பாதையில் மருந்து போகும், வெளிச்சம் போகாது. ஒரு டம்ளர் மருந்து போதும். பக்கத்தில் ஆள் யாரும் வேண்டாம் என்பதுதான் அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆனாலும் விடவில்லை. தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்துப் பார்த்தாள். துடைத்துவிட்டு, போனில் விளக்கைப் போட்டு உள்ளே வைத்து மூடி, கடையின் பின்னறை விளக்கை அணைக்கச் சொல்லி, எங்காவது வெளிச்சம் கசிகிறதா என்று உருளையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். உருளைக்குள்ளிருந்து போன் அடித்தது. கணவன். சாமான்காரர் இருட்டில் நின்றபடி, "எடுங்கம்மா, ஃபிலிம் பேசுது" என்றார்.

வெளிச்சம் கசியவில்லை. வாங்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் குளியலறை ஜன்னலில் கறுப்புத் துணியை ஆணியடித்து, கதவிடுக்கில் போர்வையைச் செருகினாள். நிஜத் தாளைத் தொடுவதற்கு முன்னால் கை பழக வேண்டுமே. மாமா கொடுத்த கண்ணாடித் தாள் ஒன்றை எடுத்து, விளக்கை அணைத்து, உருளைக்குள் செருகிப் பழகினாள்.

ஃபிலிம் தாளின் ஓரத்தில் சின்னதாக வெட்டு வைத்திருப்பார்கள். எது முன்பக்கம் என்று இருட்டில் விரலுக்குத் தெரிவதற்காக. துணியில் கையும் உடம்பும் சேரும் இடத்துக்கு வெட்டு வைப்பாளே, அந்த மாதிரி. விரலை ஓட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று கூர் வெட்டுகள்.

மறுபடி ஓட்டினாள். கேமராவில் ஒவ்வொரு தடவையும் இருட்டில் தாள் போட்டவள் அவள்தான். அவளுடைய ஃபிலிமில் ஒரே ஒரு வெட்டு, அதுவும் அரைவட்டமாக. கம்பெனிக்குக் கம்பெனி, ரகத்துக்கு ரகம் வெட்டு மாறும். ஒரே பெட்டிக்குள் மாறாது.

விளக்கைப் போட்டுப் பார்த்தாள். மூன்றுதான். இன்னொரு கண்ணாடித் தாளிலும் மூன்று. கணவனைக் கூப்பிட்டு, இந்தத் தாள்கள் தன் கேமராவுக்குள் போனதே கிடையாது என்றாள். அவன் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கிண்டல் எதுவும் வரவில்லை. உடனே போய்க் கேட்போம் என்று சட்டையை மாட்டக் கிளம்பினான். முதலில் இது முடியட்டும் என்று அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

விளக்கை அணைத்து நிஜத் தாளை உறையிலிருந்து உருவிய நேரம் வாசலில் மாமாவின் குரல் கேட்டது. சாமான்காரர் போன் பண்ணியிருக்க வேண்டும். குரல் நடுக்கூடத்தைத் தாண்டி நேரே குளியலறைக் கதவுக்கு வந்தது.

"ஏம்மா, உனக்கு ஏன் இந்த வேலை? திற, நான் செஞ்சு தரேன்."

கதவின் தாழ்ப்பாள் ஆட்டம் கண்டிருந்தது என்பது அவளுக்குத் தெரியும். ஒரு கையில் தாள், மறு கையில் உருளை. முதுகைக் கதவில் முட்டுக் கொடுத்து நின்றாள்.

"கதவைத் தொடாதீங்க மாமா. ஃபிலிம் வெளியில இருக்கு."

"சூடு சரியா பார்த்தியா? மருந்து வெதுவெதுன்னு இருந்தா எல்லாம் கறுத்துடும்."

"பார்த்தேன். நீங்க குடுத்த தாள்ல மூணு வெட்டு இருக்கு. என் தாள்ல ஒண்ணு. அதை நீங்க பார்த்தீங்களா?"

கேட்டுக்கொண்டே தாளை வளைத்து உள்ளே செருகி மூடியைத் திருகினாள். தாள் வழுக்கிக்கொண்டு போய்ச் சரியாக உட்கார்ந்தது. பிறகுதான் மாமா பேசினார், கூடத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கக் கூடாது என்பது போல.

"மெஷின் மென்னுடுச்சும்மா. ரெண்டையும். உங்கப்பா மூஞ்சி துண்டு துண்டா வந்து விழுந்துது. அதை எடுத்துக்கிட்டு உன் முன்னால எப்படி வந்து நிப்பேன்?"

"அதனால உங்க வெறும் தாளைக் கழுவிக் குடுத்துட்டு என் ஷட்டர் திறக்கலைன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"அப்பாவுக்கு ஆபரேஷன் ஆகறதுக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் திரும்ப எடுத்திருப்பேன் மாமா."

மீதி இரண்டைக் கையாலேயே தட்டில் போட்டுக் கழுவித் தரலாம் என்றுதான் காசு வேண்டாம் என்றேன் என்று மாமா முனகினார். நிஜமாக இருக்கலாம். இல்லை, அதையும் காணாமல் அடித்துவிட்டால் கேமராமேல் போட்ட பழி பழியாகவே நின்றுவிடும் என்ற கணக்காகவும் இருக்கலாம். அவளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கதவைத் திறந்து உருளையோடு வெளியே வந்தாள். மாமா பழக்க தோஷத்தில் கையை நீட்டினார். அவள் அவரைச் சுற்றிக்கொண்டு மேஜைக்குப் போனாள். மருந்தை ஊற்றி உருட்டினாள், கொட்டினாள், அடுத்ததை ஊற்றினாள். வேகமாக உருட்டுகிறாய் என்று மாமா ஒரு தடவை வாயைத் திறந்தார். கணவன் அவருக்கு ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து, மேஜையிலிருந்து நன்றாகத் தள்ளிப் போட்டான்.

மூடியைத் திறந்து தாளை உருவி ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாள். நெகட்டிவ் ஆனதால் வெளுத்த தலைமுடி கறுப்பாக, கறுத்த சட்டை கண்ணாடியாக, நடுவில் அப்பா. இரண்டு பக்கத் தாடையும் முழுசாக, எப்போது முடிப்பாய் என்று கேட்கிற அதே பார்வை. கீறல் இல்லை. அவள் மூச்சை விட்டாள். மாமா நாற்காலியை விட்டு எழுந்து எட்டிப் பார்த்தார். மறுபடி உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதையும் அவள் ஒரு கணம் உற்றுப் பார்த்தாள்.

உள்ளறையிலிருந்து அப்பா மெல்ல நடந்து வந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு பேச்சு குழறும். அதனால் சுருக்கமாகத்தான் பேசுவார். ஃபிலிமைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார்.

"இவன் ஏன் அழறான்?"

சொல்ல வேண்டியவர் சொல்லட்டும் என்று அவள் ஃபிலிமைக் கொடியில் கிளிப் போட்டு மாட்டினாள். உருளையைக் கழுவித் துடைத்தாள். இரண்டாவது தாள் இருந்த உறையை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போகும்போது கணவனிடம் சொன்னாள்: "நீ கதவுகிட்டயே நில்லு. மாமா எழுந்தா எனக்குக் குரல் குடு."