பாவு தாண்டாத நாய்கள்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மனைவி ரீனா செய்த ஒரு பொருத்தனையில் தொடங்கியது. நான் கற்பனை செய்தது இதில் அதிகம் இல்லை. ஆனால் நடந்ததை நடந்தபடியே எழுதினால் கதை என்று யாரும் ஒத்துக்கொள்வதில்லை என்பதால் அங்கங்கே கை வைத்திருக்கிறேன். எந்தெந்த இடம் என்பதை அவளே காட்டிக்கொடுத்துவிடுவாள். நான் எழுத எழுத, பின்னால் நின்று படித்துக்கொண்டிருக்கிறாள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"விடியற்காலைப் பனியில், பட்டுத் தெருக்கள் உறக்கம் கலையாமல் கிடக்க, ஒரு வெள்ளை வேன்..."

"எந்தத் தெரு தூங்குது இங்க?" என்றாள் ரீனா. "வெடிகாலையில நம்ம தெருவுல கால் வைக்க எடம் இருக்குதா?"

அவள் சொல்வது சரி. நாங்கள் இருப்பது ஆரணியை அடுத்த முள்ளிப்பட்டு. விடிந்ததும் எங்கள் தெருவில் யாராவது பாவு நீட்டிவிடுவார்கள். தறியில் ஏற்றப்போகும் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, இழை இழையாகச் சரிபார்க்கிற வேலை. அது முடிகிறவரை அதை யாரும் தாண்டுவதில்லை. பாவைச் சுருட்டியதும் எதிர்வீட்டுச் சின்னம்மாள் "பாவு சுத்தியாச்சு" என்று ஒரு குரல் கொடுப்பாள். அதற்குப் பிறகுதான் பால்காரர், பள்ளிப் பிள்ளைகள், நாய்கள் எல்லோருக்கும் வழி.

ஆகவே பனியையும் உறக்கத்தையும் நீக்கிவிட்டேன். வேன் மட்டும் இருக்கிறது.

2

வேன் பரசுராமனுடையது. வீட்டுத் தறிகளுக்குப் பட்டும் ஜரிகையும் கொடுத்து, நெய்த சேலைகளை வாங்கி வருகிற மாஸ்டர் வீவர் அவர். புது வண்டி எடுத்ததும் பழையதை எங்கள் தலையில் கட்டிவிட்டார்.

ரீனா கம்ப்யூட்டரில் சேலை டிசைன் போடுகிறவள். இடத்தை வீணாக்குவது அவளுக்குப் பிடிக்காது. வேனுக்குள் ஒரு பலகைக் கட்டில் போட்டாள். கட்டிலுக்குக் கீழே அரிசி, அடுப்பு, தண்ணீர் கேன். பின் கதவில் ஒரு மடக்கு மேசை. ஜன்னலுக்குத் திரை, நெசவில் பிழை விழுந்து விலைபோகாத அசல் பட்டு. வண்டியை ஓட்டுவதும் அவள்தான். நான் தமிழ் வாத்தியார், எனக்கு ஓட்டத் தெரியாது. பயணத்தில் என் பொறுப்பு டீ.

இன்னும் இரண்டு பயணிகள். ஜரிகை, செம்பழுப்பு நிறப் பெண் நாய். தாசில்தார், கறுப்பு. தெருவில் நிற்கிற எந்த வண்டிச் சக்கரமும் அவர் கையெழுத்து இல்லாமல் நகராது.*

* தாசில்தாருக்கு இடது காது மந்தம். மறந்துவிடுவேன் என்று இப்போதே சொல்லி வைக்கிறேன்.

3

போன கோடையில் ரீனாவுக்கு வேலூரில் ஓர் அறுவை சிகிச்சை நடந்தது.

[இங்கே மூன்று பத்தி இருந்தது. மருந்து வாசனை, ஜன்னலில் ஒரு புறா. "நான் உயிரோடதான நிக்கறேன்? எதுக்கு இவ்ளோ அழுவாச்சி?" என்று ரீனா எடுக்கச் சொல்லிவிட்டாள். எனக்கும் புறாமேல் சந்தேகம்தான்.]

நான் மிகவும் பயந்திருந்தேன் என்ற ஒன்றை மட்டும் விட்டுவைக்கிறேன்.

அந்த நாட்களில் நாய்களுக்குச் சோறு வைத்தது சின்னம்மாள். ஒரு நாள் போன் செய்தாள்: "சோத்த மோந்துகூடப் பார்க்கலம்மா. கேட்டையே பார்த்துகினு படுத்துகினு இருக்குதுங்க." அன்றைக்கு, படுத்தபடியே ரீனா வேளாங்கண்ணி மாதாவிடம் வேண்டிக்கொண்டாள். நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தால், இரண்டும் உன் கடலில் கால் நனைக்கும். தானாக நடந்துபோய் நனைக்கும்.

"அது என்ன, தானா?" என்று கேட்டேன்.

"மொட்டை போடறேன்னு வேண்டிகினு சவுரி முடியக் குடுத்தா ஆவுமா? தூக்கிகினு போய் முக்கறதுலாம் கணக்குல வராதுங்க."

இந்தக் கதையில் சிக்கல் இதுதான். வாக்குக் கொடுத்தவள் ரீனா. நிறைவேற்ற வேண்டியவர்கள் மற்ற இரண்டு பேர். அவர்களை யாரும் கேட்கவில்லை.

4

புறப்படுகிற அன்று நாய்கள் வண்டியில் ஏறவில்லை. வாசல்வரை வந்து உட்கார்ந்துகொண்டன. பிஸ்கட் காட்டியும் அசையவில்லை.

"விலங்குகளுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. வரப்போகும்..."

(இந்த வாக்கியத்தை எப்படி முடிப்பது என்று எனக்கே தெரியவில்லை. வரப்போவது ஒன்றும் இல்லை.)

ரீனாதான் கண்டுபிடித்தாள். துண்டு காயப்போட என்று வண்டிக்குள் குறுக்கே, முழங்கால் உயரத்தில் ஒரு கயிறு கட்டியிருந்தாள். குட்டியாக இருந்தபோது இரண்டும் ஒரு பாவுக்குள் புகுந்து ஓடி, மொத்தத் தெருவிடமும் திட்டு வாங்கியிருக்கின்றன. அன்று முதல் இழுத்துக் கட்டியது எதைப் பார்த்தாலும் அவர்களுக்கு அது பாவுதான். பார்த்ததும் உட்கார்ந்துவிடுவார்கள். சுற்றிப் போவதும் கிடையாது.

கயிற்றை அவிழ்த்ததும், எதிர்வீட்டிலிருந்து சின்னம்மாள் சிரித்துக்கொண்டே "பாவு சுத்தியாச்சு" என்று குரல் கொடுத்தாள்; வாலை ஆட்டிக்கொண்டு ஏறினார்கள். கட்டிலில் எனக்கு என்று வைத்திருந்த இடத்தில் தாசில்தார் படுத்துக்கொண்டார்.

5

போளூர், திருவண்ணாமலை, ஏற்காடு, கொல்லிமலை, திருச்சி, தஞ்சாவூர். வேளாங்கண்ணிக்கு இது வழியா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "நேரா போனா அது பஸ்ஸுங்க. சுத்திகினு போனாத்தான் டூரு."

சந்தோஷத்தை எழுதுவது பெரிய பேஜாராக இருக்கிறது. துக்கம் என்றால் பத்தி பத்தியாகத் தானே வருகிறது. சந்தோஷத்துக்கு "நன்றாக இருந்தது" என்பதற்குமேல் பேனா நகர்வதில்லை. கதை என்றால் யாராவது அழ வேண்டும் என்று எனக்கு எப்படியோ பழகிவிட்டது. ஆகவே கொல்லிமலையில் வண்டியின் பிரேக்கைப் பிடிக்காமல் செய்து பார்த்தேன். "என் வண்டி பிரேக்கு நல்லாத்தான் பிடிக்குது" என்று கோபித்துக்கொண்டாள். உண்மையில் அங்கே நடந்தது, கொண்டை ஊசி வளைவுகளில் நான் வாந்தி எடுத்தது மட்டும்தான்.

அப்போது நாய்கள் இரண்டும் ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டிருந்தன. காற்றில் பட்டுத் திரை எழும்பி ஜரிகையின் தலையில் முக்காடாக விழுந்துவிட்டது. எதிரே வந்த பஸ் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, "பொண்ணு அழைச்சுட்டுப் போறீங்களா?" என்று கேட்டார். "ஆமாண்ணா, மாப்பிள்ள பக்கத்துலயே கீறாரு" என்றாள் ரீனா. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். ரீனா வண்டியை ஓரம்கட்டி, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. நன்றாக இருந்தது.

6

வேளாங்கண்ணியில் கோயில் பக்கம் கூட்டம். நாய்களோடு போக வழியில்லை. கொஞ்சம் தெற்கே, கோபுரம் கண்ணில் படுகிற தூரத்தில் வண்டியை மணலோரம் நிறுத்தினாள். கதவைத் திறந்ததும் இரண்டும் குதித்துக் கடலைப் பார்த்து ஓடின. பாதித் தூரம் போய் உட்கார்ந்துவிட்டன.

கரை நெடுக ஒரு வலையை நீட்டி, இரண்டு முனையிலும் முளையடித்து, இடுப்பு உயரத்துக்கு இழுத்துக் கட்டியிருந்தார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று, கண்ணி கண்ணியாகப் பார்த்து ஓட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். நானே ஒரு கணம் எங்கள் தெருவுக்கு வந்துவிட்டோமோ என்று பார்த்தேன்.

"அடியில பூந்து போகச் சொல்லுங்க சார், வலைதானே, ஒண்ணும் ஆகாது" என்றார் அவர்களில் ஒருவர். பெயர் அன்புச்செல்வன்.

பதில் சொல்வதற்கு முன் ரீனாவைப் பார்த்தேன். அவளும் வலைக்கு முன்னால் நின்றுவிட்டிருந்தாள். முள்ளிப்பட்டில் பிறந்து வளர்ந்தவள், எப்படித் தாண்டுவாள்? முளை இருந்த கோடிவரை நடந்து, சுற்றிக்கொண்டு போய்க் கடலில் இறங்கினாள். முழங்கால் தண்ணீரில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். இரண்டும் முனகின, வாலால் மணலைப் பெருக்கின. இடத்தைவிட்டு அசையவில்லை.

7

இந்த இடத்தில் மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: நான் இரண்டையும் தூக்கிக்கொண்டு போகிறேன். (செல்லாது. சவுரி முடி.)

இரண்டாவது: பெரிய அலை ஒன்று வலைக்கு அடியில் ஓடிவந்து, உட்கார்ந்திருக்கிற நாய்களின் காலை நனைக்கிறது. மாதாவே இறங்கி வந்தாற்போல. இதை எழுதியபோது எனக்குக் கண் கலங்கியது. ரீனா படித்துவிட்டுச் சொன்னாள்: "அலை வந்து நனைச்சா, நடந்தது கடலுங்க. நாயி எங்க நடந்துச்சு?"

மூன்றாவது: நிறைவேறாத பொருத்தனையோடு திரும்புகிறோம், வழிநெடுக மௌனம், "சில கடல்கள்..." போதும். அவள் பேனாவைப் பிடுங்கிவிட்டாள்.

8

நடந்தது இது.

நாய்கள் ஏன் உட்கார்ந்திருக்கின்றன என்று அன்புச்செல்வனிடம் சொன்னேன். பட்டு, பாவு, தெரு எல்லாம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு நாய்களைப் பார்த்தார், ரீனாவைப் பார்த்தார், தன் ஆட்களைப் பார்த்தார். "சுருட்டுங்கடா. பிறகு கட்டிக்கலாம்" என்றார். முளையைப் பிடுங்கி, சிரித்துக்கொண்டே வலையைச் சுருட்டித் தோளில் ஏற்றிக்கொண்டு ஓரமாக நின்றார்கள்.

இப்போது நடுவில் ஒன்றும் இல்லை. வெறும் மணல், அதற்கு அந்தப் பக்கம் கடல், கடலில் ரீனா. நாய்கள் மட்டும் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. பாவைச் சுருட்டியது கண்ணுக்குத் தெரிந்தால் போதாது, சின்னம்மாளின் அந்த வார்த்தை வர வேண்டும். அவர்கள் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள். ரீனாவும் என்னைப் பார்க்கிறாள். சேலை முழுக்க நனைந்திருக்கிறது, சிரிக்கிறாள்.

நான்தான் சொல்ல வேண்டும். வகுப்பையே அதட்டி உட்காரவைக்கிற தொண்டை என்னுடையது. ஆனால் போன கோடையில் அவளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டுபோன கதவுக்கு வெளியே நான் நின்றிருந்தேன். இந்தக் கோடையில் அவள் கடலில் நின்று கை ஆட்டுகிறாள். வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. இப்போது எழுதும்போதும் கதை அந்த இடத்தில்தான் நிற்கிறது.

வார்த்தை உங்களுக்குத் தெரியும். முதல் பகுதியிலேயே சொல்லியிருக்கிறேன். நீங்கள் சொன்னால் போதும், இரண்டும் எழுந்து ஓடும்.

கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள். தாசில்தார் இடது காதைத்தான் உங்கள் பக்கம் வைத்து உட்கார்ந்திருக்கிறார்.