முப்பதாம் தேதியில் ஒரு காலியிடம்

1

நான் எழுத உட்கார்ந்தது கதையல்ல, கட்டுரை. செயற்கைக் கருத்தரிப்புக்கு அரசு எத்தனை முறை செலவு ஏற்கிறது, அதனால் இரட்டைப் பிள்ளைகள் எத்தனை பிறக்கின்றன என்று ஒரு பத்திரிகை எட்டுப் பக்கம் கேட்டிருந்தது. விவரம் திரட்ட ஒரு கருத்தரிப்பு மருத்துவமனைக்குப் போனேன். அங்கே ஊசி அறையில் ஒரு மூத்த நர்ஸ். முன்பு நோயாளிகளுக்குத் தேதி ஒதுக்கியவர், அதனால் 'லிஸ்ட் அக்கா'. வேலை மாறியும் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. எண்களை மளமளவென்று ஒப்பித்துவிட்டு, "இதுல ஒண்ணு எங்க வீட்டுக் கேஸ்" என்றார். கட்டுரை அதோடு படுத்துவிட்டது.

முதல் வரியாக இதை எழுதினேன்: 'ஆய்வகத்தின் குளிரில் இரண்டு உயிர்கள் தங்கள் முறைக்காக…'

அடித்துவிட்டேன். படித்துக் காட்டியபோது லிஸ்ட் அக்கா சிரித்தார். "அது ஒரு புள்ளிங்க. கண்ணுக்கே தெரியாது."

2

பழைய விதிப்படி அரசு ஒரே ஒரு முறைக்குத்தான் செலவு ஏற்கும். ஒரே வாய்ப்பு என்றால் யார்தான் ஒரு கருவோடு நிறுத்துவார்கள்? இரண்டு வைத்தார்கள். இரண்டும் தங்கினால் பிள்ளைகள் பெரும்பாலும் மாதம் நிறையுமுன் பிறந்தார்கள். (என் எட்டுப் பக்கமும் இவ்வளவுதான்.) புதிய விதி, மூன்று முறைக்குச் செலவு ஏற்றது, ஆனால் ஒரு முறைக்கு ஒரு கருதான். நல்ல விதி. அதைக் கேட்டு மனுப் போட்டவர்களில் லிஸ்ட் அக்காவும் ஒருவர்.

சுற்றறிக்கையின் கடைசிப் பத்தியில் ஒரு வரி இருந்தது. பழைய திட்டத்தில் பதிந்தவர்களுக்கு அந்த ஒரு முறை மட்டுமே. அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து அவர்களுக்கும் ஒரு கருதான்.

அவருடைய தங்கை பழைய திட்டத்தில் பதிந்தவள். முப்பத்தொன்பது வயது. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டுபவள். அவளுக்காக இரண்டு கருக்கள் உறையவைக்கப்பட்டிருந்தன. கிடைத்த தேதி, மூன்று.*

* தேதிகளை மாற்றியிருக்கிறேன். இடைவெளியை மாற்றவில்லை.

3

மாதம் முடிய பத்து நாள் இருக்கும்போது, முப்பதாம் தேதிக்காரர் ஒருவர் வேண்டாமென்று விலகினார். காத்திருப்போர் வரிசையில் அடுத்து இருந்தவர் ஒரு பள்ளி ஆசிரியை. அவரும் பழைய திட்டம்தான்.

"அக்கா, முப்பதாம் தேதி ஒரு இடம் காலியாமே?" என்று வந்து நின்றாள் தங்கை.

"உனக்கு யாரு சொன்னா?"

"நீதான். காலைல போன்ல புலம்பினியே."

"ரெண்டு வச்சா ரெண்டும் தங்கிடும்டி. குறைமாசத்துப் பிள்ளைங்க வார்டை நீ பார்த்ததில்ல."

"பதினோரு வருஷமா வெறும் வீட்டையே பார்த்துக்கிட்டு இருக்கேன். வார்டைப் பார்க்க மாட்டேனா?"

மருத்துவர் பரிசோதித்து, மூன்று நாள் முன்னதாக வைத்தால் தவறில்லை என்றார். வரிசையைப் பற்றி அவர் கேட்கவில்லை, லிஸ்ட் அக்கா சொல்லவுமில்லை. 'நடுங்கும் விரல்களால் தங்கையின் பெயரை…' என்று எழுதியிருந்தேன்.

"நடுங்கலாம் இல்ல," என்றார். "பேரைப் போட்டேன். அடுத்த போன் வந்துச்சு, எடுத்தேன்."

4

இரண்டும் தங்கின. இருபத்தொன்பதாம் வாரத்தில் பனிக்குடம் உடைந்து இரண்டு பெண்கள் பிறந்தார்கள். மூத்தவள் ஆயிரத்து இருநூறு கிராம், இளையவள் எண்ணூற்று நாற்பது. அன்று அந்த வார்டில் ஒன்பது இன்குபேட்டர்கள். ஆறில் இரட்டைப் பிள்ளைகள். அங்கிருந்த நர்ஸ், பிள்ளைகளைப் பார்க்கப் போன லிஸ்ட் அக்காவின் அடையாள அட்டையைப் பார்த்தார்.

"ஓ, அனுப்பி வைக்கிறவங்களா நீங்க? நாங்க வாங்கி வைக்கிறவங்க."

கிண்டல்தான். ஆனால் லிஸ்ட் அக்கா அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

(இங்கே இளையவளைச் சாகடித்து ஒரு வரைவு எழுதினேன். கதைக்கு உடனே ஒரு கனம் வந்துவிட்டது. அவ்வளவு சுலபமாக வந்ததால் கிழித்துப்போட்டேன்.)

மூத்தவள் அறுபதாம் நாள் வீட்டுக்கு வந்தாள், இளையவள் தொண்ணூற்று நான்காம் நாள். இளையவளுக்கு இடது கால் விறைப்பு. இரண்டரை வயதில்தான் நடந்தாள், அதுவும் காலைத் தாங்கும் பட்டை வைத்த ஷூ போட்டுக்கொண்டு. வாய் மட்டும் எட்டு ஊருக்குக் கேட்கும்.

5

பிள்ளைகளுக்கு மூன்று வயதானபோது, சுற்றறிக்கையின் அந்தக் கடைசிப் பத்தி வரியை மறுபரிசீலனை செய்யச் சுகாதாரத் துறை முன்வந்து, மருத்துவமனைகளிடம் விவரம் கேட்டது. ஒவ்வொரு பிரசவத்துக்கும் ஒரு படிவம். அதன் கடைசிக் கேள்வி: 'தவிர்த்திருக்கக்கூடிய இரட்டைப் பிறப்பா? ஆம் / இல்லை.'

ஒரே வாய்ப்பென்ற அந்த வரி ஆட்களை இரண்டு கருவுக்கு விரட்டியதற்குத் தங்கையின் பிரசவத்தைவிடத் தெளிவான சாட்சி இல்லை. ஆனால் அதை எழுதினால் ஆசிரியையைத் தாண்டிப் பெயர் போட்டதையும் எழுத வேண்டும். லிஸ்ட் அக்கா படிவத்தோடு தங்கை வீட்டுக்குப் போனார்.

"எழுதிக்கோ," என்றாள் தங்கை. "ஆனா 'ஆம்'னு போட்டா, ரெண்டு பேர்ல எவளைச் சொல்ற?"

"பிள்ளைங்களைச் சொல்லலடி. அந்த விதியைச் சொல்றேன்."

"விதியா அங்க உட்கார்ந்து ஷூ மாட்டிக்கிட்டு இருக்கு?"

வாசலில் இளையவள் பட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். உதவப் போன பெரியம்மாவை, "நானே, நானே" என்று தள்ளிவிட்டாள்.

லிஸ்ட் அக்கா படிவத்தை அனுப்பினார், வரிசை மீறியதையும் சேர்த்து. மறுவாரமே ஊசி அறைக்கு மாற்றினார்கள். அவருடையதோடு முப்பத்தேழு படிவங்கள் போயிருந்தன. அடுத்த ஆண்டு அந்த வரி நீங்கியது. பழைய திட்டத்தினருக்கு இன்னும் இரண்டு முறை கிடைத்தது. ஆசிரியைக்கு முதல் முறை தங்கவில்லை, இரண்டாம் முறையும் தங்கவில்லை. மூன்றாவதற்குக் காத்திருக்கிறார். ஊசிக்கு வருவது லிஸ்ட் அக்காவிடம்தான். வரிசை மீறியதை ஆசிரியையிடமும் சொல்லிவிட்டார். "அப்படியா?" என்று கேட்டுவிட்டு ஆசிரியை கையை நீட்டினாராம்.

6

கடைசிக் கேள்விக்கு லிஸ்ட் அக்கா என்ன பதில் போட்டார்?

எனக்குத் தெரியும், சொன்னார். இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். இரண்டுமே கதைக்குப் பொருந்தித் தொலைக்கின்றன. ஆனால் தங்கை இன்றுவரை கேட்டதில்லை, அக்கா சொன்னதுமில்லை. அந்த இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து சொல்ல நான் யார்?

நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

ஆம் ☐ இல்லை ☐

பேனாவை எடுக்குமுன் ஒன்று: இளையவளுக்கு இப்போது ஆறு வயது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள்.