பனிக்குடத்துக்குப் பேரம்

ஒரு பிள்ளையின் உயிர் என்ன விலை? பழைய இரும்புக் கடைக்காரனைக் கேட்டால், ஆஸ்பத்திரியில் ஒரு நாள் படுக்கை வாடகை என்பான். யார் என்ன விலை சொன்னாலும் பாதிக்குக் கேட்பதால் கடைத்தெருவில் அவனுக்குப் பாதிவிலை என்றே பெயர்.

அன்று காலை, அவனுடைய நிறைமாத மனைவி செம்புக் கம்பியைத் தராசில் போட்டுக்கொண்டிருந்தபோது பனிக்குடம் உடைந்து கால்வழியே கொட்டியது. வலி இல்லை. போனில் ஆஸ்பத்திரி நர்ஸ், "வலிக்குக் காத்திருக்காதீங்கம்மா, உடனே வாங்க. மருந்து ஏத்தி வலி வரவழைக்கணும். நேரம் போகப்போக உள்ளே கிருமி ஏறும்" என்றாள்.

பாதிவிலை சிரித்தான். "உடனே வாங்கங்கறது அவங்க சொல்ற முதல் விலை. முதல் விலைக்கு எந்த மடையன் வாங்குவான்? வலி வரட்டும், போகலாம்."

அவளும் வியாபாரி வீட்டுப் பெண். நியாயம்தானே என்று தலையாட்டிவிட்டாள்.

மறுநாள் மதியம் உடம்பு அனலாய்க் கொதித்தது. துணியில் நாற்றம்.

"லாரிச் சாவியைக் குடுங்க. பிள்ளை அசையவே மாட்டேங்குது."

"தூங்குதுடி, அப்பனை மாதிரி. சாயங்காலம் வரைக்கும் பொறு, ஒரு நாள் வாடகை மிச்சம்."

மேசைமேல் கிடந்த சாவிக்குக் கை நீட்டினாள். அறைந்தான். தகரக் குவியலில் விழுந்தவளின் கன்னம் கிழிந்து தொங்கியது. எழுந்தபோது அவள் கையில் இரும்புக் குழாய். சாவியைப் பொத்தியிருந்த அவன் கைமேல் ஓங்கிப் போட்டாள். விரல்கள் நொறுங்கின.

"ஐயோ, கொல்றாளே!"

"கையை எடு. அடுத்தது மண்டை."

வாசல் கதவைத் திறக்கப் பொறுமையில்லை. லாரியால் இடித்துப் பெயர்த்துக்கொண்டு போனாள்.

ஆஸ்பத்திரியில் மருந்து ஏறியதும் வலி அடியாள் கூட்டமாய் இறங்கி இடுப்பை மிதித்தது. பெண் பிறந்தாள். அழவில்லை; முனகினாள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ளே இழுத்தது. கண்ணாடிப் பெட்டியில் வைத்து, நரம்பில் மருந்து ஏற்றினார்கள். மூன்றாம் நாள்தான் டாக்டர், "இனி பயமில்லை" என்றார்.

கையில் கட்டோடு பாதிவிலை கட்டிலருகே வந்து நின்றான். "நான் ஒன்னு குடுத்தேன், நீ ஒன்னு குடுத்தே. கணக்கு தீர்ந்துச்சுல்ல? பிள்ளையைக் காட்டு."

"உன் விரலுக்கு என் கன்னம் சரி. அவ மூணு நாள் மூச்சுக்குத் தவிச்சா பாரு, அதுல ஒரு நாள் தலையாட்டின என் பேர்ல, ரெண்டு நாள் உன் பேர்ல. அவளுக்கு நாம பட்ட கடன் அது; ரெண்டு பேர் பக்கமும் இன்னும் வரவு இல்ல."