இரண்டாவது பின்

பல்செட் செய்து கொடுக்கும் லேபில் அவருக்கு வேலை. அதனாலேயே ஏர்கன் என்கிற காற்றுத் துப்பாக்கி வைத்திருப்பவர்களின் குழுவில் எல்லாரும் அவரைப் பல்லண்ணன் என்று கூப்பிட்டார்கள். குழு என்றால் போனில்தான். காகிதத்தில் வட்டம் போட்டும் காலி டின்களை அடுக்கியும் சுடுகிறவர்கள், ஊர் ஊராகச் சிதறிக் கிடப்பவர்கள், கூடிப் பேசுகிற இடம் அது. உயிருள்ள எதையாவது சுட்டேன் என்று ஒருத்தன் வாயைத் திறந்தால் அன்றே வெளியே. மற்றபடி என்ன சந்தேகம் வேண்டுமானாலும் கேட்கலாம். பெல்லட் குண்டு ஏன் ஒரு பக்கமாகவே போகிறது, ஸ்கோப் ஏன் ஆடுகிறது, ஸ்பிரிங் ஏன் கீச்சிடுகிறது. யாராவது பதில் சொல்வார்கள். பெரும்பாலும் அது பல்லண்ணனாக இருக்கும்.

"நான் கேட்டா ஒரு வார்த்தைதான் வருது. அந்தப் போன் கேட்டா மட்டும் பக்கம் பக்கமா வருது" என்று வீட்டில் மனைவி சொல்வாள். அவர் சிரித்துக்கொள்வார். லேபில் யாரும் அவரிடம் எதுவும் கேட்பதில்லை. டாக்டர் அளவெடுத்து அனுப்புவார், இவர் செய்து அனுப்புவார், அவ்வளவுதான். குழுவில்தான் "அண்ணே, ஒரு நிமிஷம்" என்று யாராவது காத்திருப்பார்கள். அது அவருக்குப் பிடித்திருந்தது.

அன்று காலை அப்படிக் காத்திருந்தது குருவி. குழுவுக்குப் புதுசு. ஏர்கன் வைத்திருப்பவனுக்குக் குருவி என்று பெயரா என்று சேர்ந்த அன்றே ஆளாளுக்குக் கிண்டல் செய்திருந்தார்கள். குருவி ஒரு படத்தைப் போட்டு எழுதியிருந்தது:

"அண்ணே, ஸ்பிரிங் உடைஞ்ச மாதிரி இருக்கு. மடக்கினா கரகரங்குது. பெல்லட் பாதி தூரத்துலயே விழுந்துடுது. புது ஸ்பிரிங் வாங்கிட்டேன். காத்து கசியாம இருக்க நம்ம குழு ஹாரன் அண்ணன் பார்சல்ல அனுப்பின சீலும் கையில இருக்கு. கம்ப்ரஸர் மட்டும் இல்ல. அது இல்லாம கழட்ட முடியுமா?"

கம்ப்ரஸர் என்பது ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லத் தளர்த்துகிற கருவி. உள்ளே விறைத்து நிற்கும் ஸ்பிரிங் ஒரேயடியாக விடுபட்டால் எதிரில் இருப்பதை உடைத்துவிடும்.

பல்லண்ணன் அப்போதுதான் பிளாஸ்டரைக் குழைத்து அச்சில் ஊற்றியிருந்தார். அது இறுகுவதற்குள் ஒரு கையால் படத்தைப் பார்த்து, அதே கையால் பதில் அடித்தார்.

"தாராளமா முடியும் தம்பி. இது பின்பக்க மூடியைத் திருகிக் கழட்டுற மாடல். டிரிகர் பக்கத்துல ரெண்டு இரும்புப் பின் இருக்கும். ரெண்டையும் தட்டி எடுத்துடுங்க, டிரிகர் கழண்டு வந்துடும். அப்புறம் மூடியைக் கையாலேயே திருகலாம். திருகத் திருக விறைப்பு தானா குறைஞ்சுடும். பயப்பட ஒண்ணுமில்ல."

ஹாரன் உடனே கேட்டிருந்தான். அவன் பஸ் டிரைவர். வண்டி எடுப்பதற்கு முன் குழுவை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் ஏறுவான். "உறுதியா அண்ணே? இதே மாதிரி இன்னொண்ணு இருக்குல்ல, ஸ்பிரிங்கே அந்தப் பின்னுல நிக்கிறது?"

"நீ ரோட்டைப் பாத்து ஓட்டு ஹாரன். நான் பாக்காத ஏர்கன்னா?"

நாலைந்து பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். குருவி, "நன்றிண்ணே. இன்னைக்கு எனக்கு லீவுதான். வீட்டு வேலையை முடிச்சிட்டு உக்காந்துடறேன்" என்று எழுதியது.

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தப் படத்தை மறுபடி எடுத்தார். எந்த மாடல் யாரிடம் இருக்கிறது என்று சேர்த்து வைப்பது அவர் வழக்கம். விரலால் பெரிதாக்கினார். திருகும் மூடியாக இருந்தால் விளிம்பில் பிடித்துத் திருகுவதற்கு ஒரு வெட்டு இருக்க வேண்டும். விளிம்பு மொழுமொழுவென்று இருந்தது. வெளிச்சத்தில் மறைந்திருக்கும் என்று இன்னும் பெரிதாக்கினார். இல்லை. அது திருகுகிற மூடியே இல்லை. உள்ளே சும்மா செருகி, ஒரே ஒரு பின் போட்டு நிறுத்தியிருந்தது. இவர் தட்டி எடுக்கச் சொன்ன அந்த இரண்டாவது பின்.

வாயிலிருந்த சோற்றை டப்பாவிலேயே துப்பிவிட்டு எழுதத் தொடங்கினார்.

"தம்பி நிறுத்துங்க. ரெண்டாவது பின்னைத் தொடாதீங்க. நான் சொன்னது தப்பு."

குழுவில் போட்டார். தனியாகவும் அனுப்பினார். போய்ச் சேர்ந்தது, திறக்கப்படவில்லை. குருவி போனைக் கடைசியாகப் பார்த்தது காலையில்தான். வீட்டு வேலை முடிந்திருக்குமா? ஒருவேளை இன்னும் ஆரம்பிக்காமல் இருக்கலாம். தூங்கிப்போயிருக்கலாம். யாராவது விருந்தாளி வந்திருக்கலாம். அவர் மனம் குருவியின் வீட்டுக்குள் நுழைந்து ஒவ்வொரு தடையாகப் போட்டுப் பார்த்தது. கை மட்டும் நிறுத்து நிறுத்து என்று அனுப்பிக்கொண்டே இருந்தது.

குழுவை நடத்துபவரை எல்லாரும் தலைவர் என்பார்கள். அவருக்குப் போன் போட்டார்.

"தலைவரே, குருவியோட நம்பர் வேணும். இப்பவே."

"நம்பரா? இந்த ஆப்புல நம்பர் தெரியாது, மெயில் ஐடி மட்டும்தான்யா வாங்குறோம். என்னாச்சு, ஏன் உனக்கு மூச்சு வாங்குது?"

சொன்னார். பிறகு தலைவர் மெதுவாக, "ஹாரன் ஏதோ அனுப்பிச்சான்ல அந்தப் பையனுக்கு. பார்சல்னா விலாசம், நம்பர் இல்லாமயா போயிருக்கும்?" என்றார்.

ஹாரனின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. ஓட்டும்போது எடுக்கமாட்டான். எடுக்கிறவனாக இருந்தால் இவரே திட்டியிருப்பார். அவன் வேலை பார்க்கும் பஸ் டெப்போவின் நம்பரைத் தேடிப் பிடித்தார்.

"ஒரு டிரைவர்கிட்ட அவசரமா பேசணும் சார். ஒரு துப்பாக்கி விஷயம்."

"துப்பாக்கியா? எந்த பஸ்ல?"

"பஸ்ல இல்ல சார். வேற ஊர்ல ஒருத்தர் வீட்டுல. ஏர்கன். அதைக் கழட்டப் போறாங்க."

"அவங்க கழட்டினா எங்க டிரைவர் என்ன பண்ணுவாரு?"

"அவருகிட்டதான் நம்பர் இருக்கு."

"யோவ், யாரு நீ? போலீஸைக் கூப்பிடவா?"

"கூப்பிடுங்க. யாரை வேணா கூப்பிடுங்க. முதல்ல அவரை ஓரமா நிறுத்தி எனக்குப் பேசச் சொல்லுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். ஒருத்தர் மூஞ்சி போயிடும் சார். நான்தான் தப்பா சொல்லிக் கொடுத்துட்டேன்."

டெப்போக்காரர் அதட்டலை விட்டுவிட்டு டிரைவரின் பேரையும் ரூட்டையும் கேட்டுக்கொண்டார். "இரு" என்றார்.

இவர் குரல் கேட்டு லேபை நடத்தும் அம்மா உள்ளறையிலிருந்து வந்து நின்றார். பல்லண்ணன் அவரைப் பார்த்தார், ஆனால் பார்த்ததாகத் தெரியவில்லை. மேஜையில் ஒரு மெழுகு அச்சு இருந்தது. அவர் கையூன்றியதில் அது நசுங்கிவிட்டிருந்தது.

ஹாரன் கூப்பிட்டான். பின்னால் பயணிகள் முணுமுணுப்பது கேட்டது. "டெப்போல என்னண்ணே சொன்னீங்க, வயர்லெஸ்ல டெப்போக்காரர் அழாத குறையா நிறுத்தச் சொல்றாரு..."

"குருவி நம்பர். பார்சல்ல எழுதின போன் நம்பர். நீ காலையில கேட்டது சரிடா. பின்னுலதான் நிக்குது."

ஹாரன் அனுப்பும்போதே பார்சலைப் படம் எடுத்திருந்தான். போனில் அதைத் தேடினான். கிடைத்ததும் நம்பரைப் படித்தான். பிறகு, "அண்ணே, இதுல பொம்பளை பேரு போட்டிருக்கு. தம்பி தம்பின்னு சொல்லிட்டிருந்தோம்" என்றான்.

அந்த நம்பருக்கு மணி போனது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி. மறுபடி. ஒவ்வொரு மணிக்கும் ஒரு சுத்தியல் பின்னின் தலையில் விழுவதுபோல அவருக்கு இருந்தது. எடு தாயே, எடு. லேப் அம்மா ஒரு நாற்காலியை அவருக்குப் பின்னால் தள்ளி வைத்தார். அவர் உட்காரவில்லை.

எடுத்தார்கள். ஆண் குரல்.

"ஆம்புலன்ஸா?"

பல்லண்ணன் யாரென்று சொல்வதற்குள் அவரே மேலே பேசினார்.

"என் வீட்டம்மா... கண்ணுகிட்ட... ரத்தம் நிக்கல. நான்தான் பிடிச்சிட்டிருந்தேன், அவ தட்டினா. அந்த மூடி தெறிச்சு வந்து... நீங்க ஆம்புலன்ஸ்தானே? வர்றீங்கல்ல?"

"சார், நான் ஆம்புலன்ஸ் இல்ல. அவங்களைக் கூப்பிட்டுட்டீங்களா?"

"எனக்குக் கையே ஓடல. நம்பர் அடிக்க அடிக்க இந்தப் போன் மறுபடி மறுபடி அடிச்சிட்டே இருந்துச்சு. கூப்பிடவே முடியல. இப்பத்தான் கிடைச்சிடுச்சுன்னு நினைச்சேன்."

அடித்துக்கொண்டே இருந்தது இவர்தான்.

"இப்ப வச்சிடறேன். உடனே கூப்பிடுங்க. கண்ணை அமுக்காதீங்க, தேய்க்க விடாதீங்க. உக்கார வச்சே இருங்க. நான் இனிமே கூப்பிடமாட்டேன், லைன் காலியா இருக்கும்" என்று சொல்லிவிட்டு வைத்தார். வைத்த பிறகு அந்த அறிவுரையும் சரிதானா என்று பயம் வந்தது. தான் சொன்ன எதுவும் சரியாக இருக்கும் என்று நம்ப முடியவில்லை. லேப் அம்மாவைப் பார்த்து, "கண்ணுல அடிபட்டா அமுக்கக் கூடாதுதானேம்மா?" என்று கேட்டார். "கூடாதுதான்" என்றார் அவர். இவர் திரும்பவும் கேட்டார்.

அன்று மாலை முழுக்கப் போன் மௌனமாக இருந்தது. வீட்டில் விஷயத்தைக் கேட்ட மனைவி ஒரு பையில் துணி எடுத்து வைத்தாள். "போய்ப் பாத்துட்டு வாங்க. அடிச்சா வாங்கிக்குங்க" என்றாள்.

மறுநாள் அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். ஆஸ்பத்திரி எதுவென்று ஹாரன் விசாரித்துச் சொல்லியிருந்தான். வார்டு வாசலில் ஒருவர் சட்டையில் காய்ந்த ரத்தத்தோடு நின்றிருந்தார். பல்லண்ணன் தான் யார் என்று சொன்னதும் அவர் கை ஓங்கிவிட்டது. ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு அதே கையால் தன் முகத்தை மூடிக்கொண்டார்.

"துப்பாக்கி மூஞ்சிக்கு நேரா இருக்கேன்னு நான் சொன்னேங்க. பெரிய ஆள் ஒருத்தர் பயப்பட ஒண்ணுமில்லன்னு சொல்லியிருக்காருன்னு அவ சொன்னா. பெரிய ஆளுன்னு சொன்னா."

அவர் வாசலை விட்டு ஒதுங்கினார், பல்லண்ணன் உள்ளே போனார்.

குருவிக்கு வயது நாற்பதுக்கு மேலிருக்கும். ஒரு பள்ளிக்கூட ஆபீசில் டைப்பிஸ்ட்டாம். பாதி முகம் கட்டுக்குள் இருந்தது. கன்ன எலும்பு உடைந்திருந்தது. கண் பிழைத்துவிட்டது, ஆனால் எவ்வளவு தெரியும் என்று வீக்கம் வடிந்தால்தான் சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"பல்லண்ணனா?" என்றாள் வாயை அதிகம் அசைக்காமல். "தம்பின்னு எழுதுவீங்க. திருத்தணும்னு நினைப்பேன். அப்புறம் பொம்பளைன்னு தெரிஞ்சா ஒழுங்கா பதில் சொல்லமாட்டீங்களோன்னு விட்டுட்டேன்."

"ஒழுங்கா சொல்லலையேம்மா நான்."

அவள் அதை மறுக்கவில்லை. "எந்தப் பின்னு?" என்றாள்.

அவர் போனில் அந்தப் படத்தை எடுத்து, அவளுடைய ஒற்றைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். எடுக்கக் கூடிய பின் இது, தொடவே கூடாதது அது. விளிம்பில் வெட்டு இல்லாததையும் காட்டினார். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்து அருகில் இழுத்துப் பார்த்தாள்.

"தலைவர் அந்தப் பதிலைக் குழுவுலேருந்து எடுத்துடலாம்னு சொல்றாரு" என்றார். "உங்க பேரு வெளிய வர வேண்டாம்னு."

"என் பேரா, உங்க பேரா?"

அவர் தலைகுனிந்தார்.

"எடுக்காதீங்க. கீழ எழுதுங்க. இதே ஏர்கன் இன்னும் எத்தனை பேருகிட்ட இருக்கோ" என்றாள். பேசியதில் வலி வந்து கண்ணை மூடிக்கொண்டாள். வெளியே போகும்படி நர்ஸ் சொன்னார்.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதினார். எது தப்பு, எப்படித் தெரியாமல் சொன்னார், ஹாரன் கேட்டபோது எப்படி வாயை அடைத்தார், என்ன நடந்தது. குருவி யார் என்பதை மட்டும் எழுதவில்லை. எழுதி முடித்ததும் நெஞ்சு லேசாகும் என்று நினைத்திருந்தார். ஆகவில்லை. அவள் கணவர் சற்றுத் தள்ளி அதே பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்திருந்தார். டீ கொண்டு வந்தவரிடம் கணவர் இரண்டு டீ வாங்கி, ஒன்றை நடுவில் வைத்தார்.

அதன் பிறகு பல்லண்ணன் குழுவில் பேசுவதை விட்டுவிட்டார். கேள்விகள் வரும். படிப்பார். பதில் தெரிந்திருந்தாலும் விரல் வராது. மற்றவர்களும் அவரைக் கூப்பிடவில்லை. கோபமா, இரக்கமா என்று அவருக்குப் புரியவில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் தாங்க முடியவில்லை.

கட்டுப் பிரித்தபோது குருவிக்கு அந்தக் கண்ணில் வெளிச்சமும் நிழலும் தெரிந்தன, அதற்கு மேல் இல்லை. அது ஸ்கோப்பில் வைக்கிற வலது கண். சில மாதங்கள் கழித்து ஒரு மத்தியானம் அவளே குழுவில் எழுதினாள்.

"இனிமே இடது பக்கம் வச்சுத்தான் சுடணும். தோள் பழகவே மாட்டேங்குது. பல்லண்ணே, என்ன பண்ணலாம்?"

பேர் சொல்லிக் கேட்டிருந்தாள். குழுவில் வேறு யாரும் பதில் போடவில்லை. எல்லாரும் திறந்து பார்த்துவிட்டுச் சும்மா இருப்பது அவருக்குத் தெரிந்தது. கையிலிருந்த மெழுகுக் கத்தியைக் கீழே வைத்தார். நிறைய எழுதினார். எல்லாவற்றையும் அழித்தார். மறுபடி எழுதினார்.

"எனக்குத் தெரியாதும்மா. நான் இடது கையில சுட்டதே இல்ல. ஹாரன் இடது கைக்காரன். சாயங்காலம் டூட்டி முடிச்சு வருவான், அவன்கிட்ட கேளுங்க. அவன் சொல்ற வரைக்கும் பொறுத்திருங்க."

அனுப்பிவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். குருவி படித்துவிட்டதாகக் காட்டியது. "சரிண்ணே" என்று வந்தது.