இரண்டு காவல்காரரும் முப்பத்தெட்டு வள்ளங்களும்

ஒரு மேசைக் கணினியின் வயிற்றுக்குள்ளிருந்து முப்பத்தெட்டு வள்ளங்களை, ஒவ்வொன்றும் பதினெட்டு அடி, இயந்திரம் பூட்டியபடி, ஒரே முற்பகலில் இழுத்து வெளியே போட்டவன் நான். என் சட்டையில் ஒரு பொட்டுத் தண்ணீர் படவில்லை. நம்பாதவர்கள் முல்லைத்தீவில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். மஸாஹிரிடம் மட்டும் கேட்க வேண்டாம். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். ஏன் பொத்துகிறார் என்பதுதான் கதை.

சுனாமி அடித்து மூன்று மாதம். தொலைபேசித் திணைக்களத்தில் முப்பத்து நான்கு வருடம் கம்பி இழுத்து ஓவசியராக ஓய்வுபெற்றிருந்த என்னை, கம்பி தெரிந்தவனுக்குக் கணினியும் தெரியும் என்று நம்பி, ஒரு நிவாரண அமைப்பு முல்லைத்தீவு அலுவலகத்துக்கு அழைத்தது. அந்த நம்பிக்கையைக் கெடுப்பானேன் என்று நானும் போய் உட்கார்ந்துவிட்டேன். மஸாஹிர் அங்கே களஞ்சியக்காரர். கலிஸ்ரா தட்டச்சு செய்யும் பிள்ளை. வள்ளம் இழந்த நாயாற்றுக் குடும்பங்கள் முப்பத்தெட்டின் பெயர்ப் பட்டியலை அவாதான் கணினியில் ஏற்றியிருந்தா.

அந்தப் பட்டியல் வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் கொழும்புத் தலைமையகத்துக்குப் போக வேண்டும். போகாவிட்டால் வள்ளங்கள் வேறு கரைக்கு. தலைமையகமோ வி.பி.என். வழியாக வருவதை மட்டும்தான் ஏற்கும். அது என்னவென்றால், இங்கிருந்து கொழும்புவரை யாரும் எட்டிப் பார்க்க முடியாதபடி சீல் வைத்த ஒரு குழாய். சீடியில் எழுதித் தெருவழியே கொடுத்துவிட்டாலும் போய்ச்சேர இரண்டு நாள்.

வியாழன் காலை பத்தரைக்குக் குழாயைத் திறந்தேன். பதினோராவது செக்கனில் அறுந்தது. மறுபடி திறந்தேன். மறுபடி பதினோராவது செக்கன். கூரையில் ஏறிச் செய்மதித் தட்டைத் திருப்பிப் பார்த்தேன், மின்பிறப்பாக்கியைத் தட்டிப் பார்த்தேன், கடவுச்சொல்லைத் திட்டியும் பார்த்தேன். இணையம் நன்றாக இருந்தது. குழாய் மட்டும், கழுத்தை அறுத்த கோழிபோலத் துடித்துத் துடித்துச் செத்தது.

பதினொரு மணிக்கு நாயாறு வந்தது. முன்னால் பஸ்தியாம்பிள்ளைச் சம்மாட்டியார். மூன்று வள்ளம் வைத்திருந்த மனிதர். அத்தனையையும் கொண்டுபோன கடல் அவருக்குத் திருப்பிக் கொடுத்தது ஒரு துடுப்பை மட்டும். அதைத் தோளில் சாத்தியிருந்தார். பின்னால் நானூறு பேர். கலிஸ்ரா பதினேழு என்று எண்ணினா; பயத்தில் பிள்ளைக்கு எண்ணிக்கை தவறிவிட்டது.

"என்ன ஓவசியர், பட்டியல் போயிட்டுதோ?"

"போகப் பார்க்குது, சம்மாட்டியார். வழியில சிக்கல்."

"பன்னிரண்டுக்குள்ள போகாட்டி, மாதா மேல ஆணை, இந்தப் பெட்டிய ரெண்டாப் பிளப்பன்."

மஸாஹிருக்கு வாய் சும்மா இராது. "பிளவுங்கோ. உங்கட பேரும் அதுக்குள்ளதான் கிடக்கு."

சம்மாட்டியார் மெல்லத் திரும்பினார். "நீ திங்கட்கிழமை இந்தப் பெட்டிக்கு முன்னால இருந்து என்னவோ நோண்டிக்கொண்டிருந்தனி. பேர் குடுக்க வரேக்க கண்டனான். என்னடா செய்தனி?"

"நானோ? ஒண்டும் செய்யேல்ல."

அந்தச் சொல் முடியவில்லை, துடுப்பு சுழன்றது. அலுமாரிக் கண்ணாடி ஆயிரம் துண்டு. மஸாஹிர் குனிந்து, கோப்புக்கட்டு ஒன்றைத் தூக்கிச் சம்மாட்டியாரின் மூக்கில் அறைந்தார். மூக்கு வெடித்தது. சுவரில் தெறித்த இரத்தத்தைச் சுண்ணாம்பு பூசியும் மறைக்க முடியவில்லை. நானூறு பேரும் ஒரே வாசலால் உள்ளே வந்தார்கள், கதவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு. யன்னலால் ஒருவன் பறந்து போனான்; அவனே கோபத்தோடு வாசலால் திரும்பி வந்தான். ஒருவன் என் தோளைக் கடித்தான். கலிஸ்ரா தாள் துளைக்கும் இரும்பை எடுத்து அவன் தலையில் இரண்டு முறை போட்டா, மூன்றாவது குத்து அவாவின் சொந்த விருப்பத்துக்கு.

சம்மாட்டியார் மஸாஹிரைச் சுவரோடு அழுத்திக் கழுத்தைப் பிடித்தார். மஸாஹிரின் முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது.

"சொல்லு! என்ன செய்தனி?"

"விடுங்கோ... சொல்லுறன்... காவல் போட்டனான்!"

"என்ன காவல்?"

"வைரஸ் புகாமத் தடுக்கிற காவல். வவுனியாவில சீடி வாங்கினனான். தலைமையகம் போட்ட காவல் ஒண்டு முதலே உள்ள இருந்தது. ஒண்டு காணுமோ? ஓமந்தையில ஆமி ஒருக்காக் கிண்டுறான், புளியங்குளத்தில இயக்கம் ஒருக்காக் கிண்டுது. ரெண்டு தரம் கிண்டாம என்ர ஒரு மூட்டை சீனியாவது இஞ்ச வந்து சேர்ந்திருக்கோ? அதான் இதுக்கும் ரெண்டு!"

எனக்கு மண்டைக்குள் மின்னல் அடித்தது. திரையின் மூலையில், மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் பார்த்தேன். அங்கே இரண்டு சின்னப் படங்கள், மாறி மாறி மினுங்கிக்கொண்டு. காலையிலிருந்து அவை கண் முன்னாலேயே நின்றிருந்தன.

ஓமந்தைக்கும் புளியங்குளத்துக்கும் இடையில் சூனியப் பிரதேசம் இருக்கிறது. ஒருவன் கிண்டி முடித்த மூட்டையை மற்றவன் அப்பால் வைத்துக் கிண்டுவான். கணினிக்குள் அப்படி ஒரு வெளி இல்லை. ஒரே வாசலில் இரண்டு காவல்காரர். சீல் வைத்த குழாய் வந்ததும் இருவரும் ஒரே நேரத்தில் பிடித்து, நான் கிண்டுகிறேன், நீ யார் கிண்ட என்று இழுத்துக் கிழித்துவிட்டார்கள். அதற்குத்தான் பதினொரு செக்கன்.

"சம்மாட்டியார், கையை எடுங்கோ. கொல்ல வேண்டியது மஸாஹிரை இல்லை, அவர் கொண்டுவந்த ஆளை!"

மணி பதினொன்று நாற்பத்தொன்று. என் முதுகில் அடி விழுந்துகொண்டிருக்க, மஸாஹிரின் காவல்காரனைப் பட்டியலில் தேடிப் பிடித்தேன். நீக்கு என்றேன். உறுதிதானா என்று கேட்டான். உறுதி என்றேன். உன் கணினி பாதுகாப்பிழந்து போகும் என்று மிரட்டினான். கழுத்தில் கால் வைத்து மிதித்தேன். துண்டு துண்டாகச் செத்தான்; எத்தனை வீதம் செத்தான் என்று திரையிலேயே ஒரு கோடு காட்டியது. கடைசியில் கணினியை அணைத்து மீண்டும் இயக்கு என்றது. அழுத்தினேன்.

திரை கறுத்தது.

"பெட்டியச் சாக்கொண்டுட்டான்!" என்று நானூறு பேரும் குளறினார்கள்.

சம்மாட்டியாரின் கண்ணில் அப்போது கோபம் இல்லை. அதைவிட மோசமான ஒன்று இருந்தது. முப்பத்தெட்டு வீட்டுக்காரருக்கும் வாக்குக் கொடுத்த மனிதர் அவர். துடுப்பை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினார். நான் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அந்த நேரம் எங்கிருந்தோ ஒரு பிளாஸ்ரிக் கதிரை சுழன்று பறந்தது. யார் கை வீசியதோ, கடவுளுக்கே வெளிச்சம். அது மஸாஹிரின் வாயில் மோதியது. ஒரு பல் என் விசைப்பலகையில் வந்து விழுந்தது. சம்மாட்டியார் திடுக்கிட்டார், துடுப்பு விலகி மேசை விளிம்பில் இறங்கி இரண்டாக முறிந்தது.

கணினி மெல்லிய ஓசையோடு விழித்தது.

பல்லைத் தட்டிவிட்டுக் குழாயைத் திறந்தேன். கலிஸ்ரா எண்ணினா. எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று. பன்னிரண்டு. பதின்மூன்று என்றபோது அறை முழுக்கச் சேர்ந்து கத்தியது. பதினொன்று ஐம்பத்தாறுக்குப் பட்டியல் போய்ச் சேர்ந்தது என்று கொழும்பு பதில் எழுதியது. சம்மாட்டியார் முறிந்த துடுப்பின் இரு துண்டுகளையும் மடியில் வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார்.

ஆவணியில் வள்ளங்கள் நாயாற்றுக்கு வந்தன. எண்ணிப் பார்த்தோம், முப்பத்தெட்டு. சுவாமியார் தீர்த்தம் தெளிக்கும்வரை நான் கரையில் நின்று கதையைச் சொன்னேன். கூட்டம் எண்ணூறாக வளர்ந்திருந்தது; கதைக்குள் வந்த கூட்டம்.

"பச்சைப் பொய்," என்றார் மஸாஹிர், வாயைப் பொத்தியபடி. "காவலும் இல்லை, சண்டையும் இல்லை. பெட்டி தன்பாட்டில சரிவந்தது. என்ர பல்லு மாசிக் கருவாடு கடிச்சு விழுந்தது."

அஞ்சினார் மனிதர். வள்ளம் கைவிட்டுப் போகப் பார்த்தது இவரால்தான் என்று நாயாறு முழுக்கச் சொல்லுமே என்று ஐந்து மாதமாக அந்த மாசியைத்தான் கடித்துக்கொண்டிருந்தார்.

பஸ்தியாம்பிள்ளை, புது வள்ளத்தின் முகப்பில் பழைய துடுப்பின் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "மஸாஹிர், பாதுகாப்பெண்டு நினைச்சுத்தானே செய்தனி. முதல் வலைப்பாட்டு மீன் உன்ர வீட்டுக்குத்தான். பல்லுக்கு."

மஸாஹிர் வாயிலிருந்து கையை எடுத்தார். முன்வரிசையில் ஒரு பெரிய ஓட்டை.

"ஓம், நடந்தது," என்றார். "ரெண்டாவது காவல் நான் போட்ட வினைதான். அடிபட்டது, கழுத்து நெரிச்சது, பட்டியல் போனது, வல்லாஹி, ஒண்டு விடாம நடந்தது. ஆனா ஓவசியர், அந்தக் கதிரைய எறிஞ்சது நீர். சம்மாட்டியாருக்குக் குறிவைச்சு எனக்கு எறிஞ்சனீர். அதையும் சேர்த்துச் சொல்லும்."